வயதானவருக்கு இடுப்பு முறிந்தால்: விழுந்த நேரம் முதல் வீடு திரும்பும் வரை

விழுந்தவரால் எழும்ப முடியவில்லை, ஒரு கால் கட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால், அநேகமாகத் தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கும். காலை இழுத்து நேராக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள், ஓட்டோவில் மடக்கி இருத்தாதீர்கள். கால் கிடக்கும் நிலையிலேயே தலையணையால் அணைகொடுத்து 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொழும்பில் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு இரவிலும் இயங்கும்.

விழுந்த பிறகும் நொண்டி நொண்டி நடப்பவர்கள் உண்டு. முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். காலை ஊன்றும்போது கவட்டில் வலி நீடித்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படியே நடக்கவிட்டால் எலும்பு விலகிவிடலாம்.

குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் இருந்தால் கடைசியாக எப்போது குடித்தார் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வலிக்கு டைக்குளோபினாக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள், முதியவரின் சிறுநீரகம் தாங்காது. தொடை நரம்பை மரக்கச்செய்யும் ஊசி போட முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

“இந்த வயதில் ஒபரேஷன் தாங்குவாரா?” என்று வீட்டில் தயங்குவார்கள். பெரும்பாலானோருக்கு ஒபரேஷனைவிடப் படுக்கைதான் ஆபத்து: நிமோனியா, படுக்கைப்புண், கால் இரத்தநாளத்தில் இரத்தக்கட்டி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. 36 முதல் 48 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை நடப்பது நல்லது. தொடை எலும்பின் உருண்டைக்குக் கீழுள்ள ஒடுங்கிய கழுத்துப் பகுதி முறிந்து விலகினால், அந்த உருண்டைக்குப் போகும் இரத்த ஓட்டம் அநேகமாக அறுந்துபோகும். அதனால்தான் பத்துக்கட்டிக் காத்திருந்தாலும் அது பொருந்துவதில்லை. உருண்டையை எடுத்துவிட்டுச் செயற்கை உருண்டை வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் இரத்த ஓட்டம் இருக்கும், தகடும் திருகாணியும் அல்லது எலும்புக்குள் செலுத்தும் கம்பி போதும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வேறு ஒபரேஷன் என்று குழம்ப வேண்டாம்.

வழக்கமாக, மயக்க மருந்துக்கு முன் திட உணவை 6 மணி நேரமும் வெறும் தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்தினால் போதும். ஒபரேஷன் தள்ளிப்போனால் உடனே தாதியிடம் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேளுங்கள். பகல் முழுக்கப் பட்டினியும் தாகமுமாகக் கிடப்பவருக்கு இரவில் புத்தி தடுமாறலாம். மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பழகிய ஒரு முகம் மூன்றும் அருகில் இருக்கட்டும். தமிழ் மட்டும் பேசுபவராக இருந்தால் “வலி”, “தண்ணி”, “ஒண்டுக்கு” என அவர் சொல்லும் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, பொருளையும் குறித்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். சிங்களம் தெரிந்தவருக்கும் இதைச் செய்யுங்கள், தடுமாற்றத்தில் மற்ற மொழி மறந்துபோகலாம்.

ஒபரேஷனுக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து பிசியோதெரபிஸ்ட் வந்தால் நிற்பது சுலபம். குதிக்கால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலின் கீழ் தலையணை வையுங்கள். கெண்டை வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள்.

வீட்டில் குந்தும் மலசலகூடம் என்றால் அவர் திரும்புமுன் கொமட் கதிரை வாங்குங்கள். செயற்கை உருண்டை வைத்தவர் தாழ்ந்த கதிரையில் இருக்கவோ காலுக்குமேல் கால் போடவோ கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். எத்தனை வாரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எலும்பு மெலிந்து வலுவிழப்பதற்கு (ஒஸ்டியோபொரோசிஸ்) மருந்து தொடங்காமல் கிளினிக்கிலிருந்து வந்துவிடாதீர்கள், அடுத்த இடுப்பும் முறியலாம். அலென்ட்ரோனேட் கொடுத்தால் கிழமைக்கு ஒரு 70 மில்லிகிராம் குளிசை: காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், தேநீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.