கணக்குக் குறியீடுகளைத் தப்பாகப் படிக்கும் பழக்கங்கள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்து, கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் சட்டென்று 12 என்பார்கள். சிலர் மிச்சமிருக்கும் 5-ஐயும் விடாமல் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. கூட்டத் தெரியாமல் வரும் பிழையில்லை இது. சமக்குறியைப் பார்த்ததும் ‘விடையை இங்கே எழுது’ என்று கை பழகிவிட்டது. கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானுக்கு அதே வேலைதானே.

இந்தக் குறியை 1557-இல் வெளியான தன் நூலில் அறிமுகப்படுத்தியவர் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட். ‘இதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க, ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மதிப்பு, அவ்வளவுதான் செய்தி.

வகுப்பு ஏறினாலும் பழக்கம் போவதில்லை. 3-ஐயும் 4-ஐயும் கூட்டி, இரண்டால் பெருக்கி, ஐந்தைக் கழிக்கச் சொன்னால் 3 + 4 = 7 × 2 = 14 − 5 = 9 என்று ஒரே ஓட்டமாக எழுதுவார்கள். விடை சரி. ஆனால் எழுதியதை அப்படியே வாசித்தால் 3 + 4 என்பது 9 ஆகிறது. விடை வந்துவிட்டதே என்று இதற்கு முழு மதிப்பெண் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இப்படி எழுதிப் பழகிய பிள்ளைக்கு, சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணை ஏன் கழிக்கிறோம் என்பது பின்னால் விளங்கவே விளங்காது. 3 + 4 = 7, அடுத்த வரியில் 7 × 2 = 14, அதற்கடுத்து 14 − 5 = 9 என்று தனித்தனியாக எழுத வையுங்கள்.

அடுத்தது எழுத்துகள். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. சமன்பாடு எழுதுங்கள் என்றால் நன்றாகப் படித்தவர்களே 30ம = ஆ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களிடம் ‘பேராசிரியரைப் போல் ஆறு மடங்கு மாணவர்’ என்று கேட்டபோதும் கணிசமானவர்கள் இப்படித்தான் தலைகீழாக எழுதினார்கள். ‘30 மாணவர், 1 ஆசிரியர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் குறியீடாக்குவதால் வரும் வினை. ம என்பது ஆளைக் குறிக்கவில்லை, எத்தனை பேர் என்ற எண்ணைக் குறிக்கிறது. ஆசிரியர் 2 பேர் என்று வைத்துப் பாருங்கள்: மாணவர் 60. 30 × 60 போட்டால் 1800 ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள்! சரியானது ம = 30ஆ.

இதற்கான விதை சின்ன வகுப்பிலேயே விழுகிறது. ‘3அ + 2வ என்றால் மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம்’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். சரி, 3அ × 2வ வந்தால்? ஆப்பிளை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? ஆப்பிளின் விலை அ ரூபாய் என்று ஆரம்பித்தாலே பாதித் தொல்லை குறையும்.

கழித்தல் குறியிலும் கவனம் வேண்டும். −3² என்பது −9, ஏனென்றால் அடுக்கு முதலில். (−3)² தான் 9. இதில் கணினியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் குழப்பம் கூடும்: எக்செலில் =-3^2 என்று அடித்தால் 9 வரும், பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்றால் −9 வரும் (அங்கே ** தான் அடுக்குக் குறி). அடைப்புக்குறி போட்டுவிட்டால் இரண்டும் ஒரே விடை தரும். அப்புறம், −க என்றாலே குறை எண் என்று முடிவு கட்டாதீர்கள். க = −5 என்றால் −க = 5.

√9 = 3 மட்டுமே, ±3 இல்லை. க² = 9 என்ற சமன்பாட்டுக்குத்தான் இரண்டு தீர்வுகள். √ குறியே இரண்டையும் தந்துவிடும் என்றால் இருபடிச் சூத்திரத்தில் அதற்கு முன்னால் ± எதற்கு?

சில இடங்களில் குறியீட்டின் மேலேயே குற்றம் சொல்லலாம். சைனுக்கு மேல் 2 போட்டால் சைன் மதிப்பின் வர்க்கம். அதே இடத்தில் −1 போட்டால் தலைகீழ்ப் பின்னம் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? ஆனால் அது நேர்மாறுச் சார்பு, அதாவது மதிப்பிலிருந்து கோணத்துக்குத் திரும்பும் வழி. 1813-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கொண்டுவந்த வழக்கம் இது. மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் சுற்றும் 8 ÷ 2(2 + 2) வகைச் சண்டை. ஒரு கட்சி 16 என்கிறது, இன்னொரு கட்சி 1 என்கிறது. பிழை எழுதிய விதத்தில். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் கணிதக் குறியீட்டு விதிகளே ÷ குறியைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. 16 வேண்டுமானால் (8/2)(2 + 2), 1 வேண்டுமானால் 8/(2(2 + 2)) என்று எழுதுங்கள்.