பத்துக்குப் பத்து அறையில் ஒரு முகம்

எங்கள் வீட்டு மாடி அறை பத்தடிக்குப் பத்தடி. சுவரில் அப்பா ஆசையாக அடித்த பச்சை. அங்கே முதன்முதலில் சித்தி மகளை உட்காரவைத்து ஃபிளாஷில் படம் எடுத்தபோது அவள் இடது கன்னம் பச்சை பூத்திருந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது அதன் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால் இப்போது விளக்கைத் தொடுவதற்கு முன்னால் சுவரைத்தான் கவனிக்கிறேன். நிழல் விழும் பக்கம் துணிக்கொடியில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுவேன். நிழல் ரொம்ப அழுத்தமாகிவிட்டால் அதற்கு முன்னால் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்று.

ஃபிளாஷ் விளக்கு ஒன்றே போதும். அதில் மாட்டும் வெள்ளைக் குடை வேண்டாம், அறை முழுக்க வெளிச்சத்தை இறைத்துவிடும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை (ஃபிளாஷ் முன் மாட்டும், வெள்ளைத் துணி மூடிய பெட்டி) முகத்துக்கு இரண்டடி தூரத்தில், பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். அவ்வளவு கிட்டவா என்று தோன்றும். கிட்ட வந்தால்தான் ஒளி மெத்தென்று விழும், பின்சுவரும் அடங்கும். கணக்கு இதுதான்: விளக்கிலிருந்து முகம் 2 அடியிலும் சுவர் ஏறக்குறைய 6 அடியிலும் இருந்தால், முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். அதே விளக்கை 5 அடிக்குத் தள்ளினால் சுவர் 9 அடியில் இருக்கும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பச்சை மறுபடி எட்டிப்பார்க்கும்.

ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/160 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வந்தால் சரி, அறை வெளிச்சம் படத்தில் கலக்கவில்லை. பிறகு ஃபிளாஷை அதன் முழு சக்தியில் 1/16-இல் தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவுக்கு 50 எம்எம் லென்ஸ் நல்லது. இடம் போதாவிட்டால் கதவைத் திறந்து படிக்கட்டு முகப்பில் நின்று எடுங்கள், நான் அங்கேதான் நிற்பேன். அகலக் கோண (வைட்) லென்ஸோடு கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும்.

கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். கடிகாரத்தில் பத்து மணியோ இரண்டு மணியோ இருக்கும் இடத்தில் அது நிற்கவேண்டும். மூக்கின் நிழல் உதட்டைத் தொட்டால் விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். மின்விசிறியில் முடி பறக்கும் என்று நிறுத்திவைப்போம், மூடிய அறையில் பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும். நடுநடுவே அதைப் போட்டு, நெற்றியைப் பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தேய்க்க வேண்டாம்.

சித்தி மகள் நல்ல கறுப்பு. "கொஞ்சம் வெளுப்பாக்கிடுண்ணா" என்றாள். எடிட்டிங்கில் முகத்தை வெளுப்பதை நான் செய்வதே இல்லை, நீங்களும் செய்யாதீர்கள். கறுத்த தோலில் மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் தருகிறது. விளக்கை ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்தினேன். கன்ன எலும்பில் நீளமாக ஒரு ஒளி வந்து நின்றது. திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னாள்.