பூவா தலையா: மேசை மேல் ஒரு மீன் கூட்டம்

மீன் கூட்டம் சட்டென்று ஒரே பக்கம் திரும்பினால், அதற்கு ஒரு தலைவன் இருப்பான் என்றுதான் தோன்றும். தலைவனே தேவையில்லை, பகடை போதும். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் கரண்ட் போன ஒரு ஞாயிறு மாலை, மகளோடு உட்கார்ந்து ஆடிய ஆட்டம் இது.

தேவையானவை: 24 ஒரு ரூபாய் நாணயங்கள், லூடோ பகடை, 1 முதல் 24 வரை எழுதிய சீட்டுகள், ஒரு டப்பா. நிறையப் பொறுமை.

படி 1: ஆறு நாணயங்களை வரிசையாக வைத்து எண் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீன். பூ என்றால் இடப்பக்கம் நீந்துகிறது, தலை என்றால் வலப்பக்கம். மூன்று பூ, மூன்று தலையில் தொடங்குங்கள்.

படி 2: பகடையை உருட்டுங்கள். விழும் எண்தான் இந்த முறைக்கான மீன். மறுபடி உருட்டுங்கள். 1 விழுந்தால் அது தன்னிஷ்டத்துக்குப் போகும். நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி வையுங்கள். 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் இன்னொரு மீனைக் காப்பியடிக்கும். எந்த மீனை என்பதற்கு மூன்றாவது உருட்டல். அதன் எண்ணே வந்துவிட்டால் திரும்ப உருட்டுங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று கண் தானாகப் பார்க்கும். "அதான் எல்லாமே பூவாச்சேப்பா, இதையும் திருப்பி வெச்சிடலாமே" என்றாள் மகள். கூடாது. பகடை காட்டிய ஒரே ஒரு மீனைத்தான் பார்க்க வேண்டும்.

படி 3: ஒவ்வொரு முறையும் பூக்களை எண்ணிக் குறியுங்கள். ஆறும் ஒரே பக்கம் திரும்பும், கொஞ்ச நேரம் நிற்கும், குலையும், மறுபக்கம் சேரும். நெடுநேரம் ஆடினால், கணக்குப்படி நூற்றில் சுமார் 45 தடவை ஆறும் ஒரே பக்கம்தான்.

படி 4: இப்போது 24 நாணயங்கள். மீனைத் தேர்ந்தெடுக்கச் சீட்டு எடுத்து, திரும்ப டப்பாவில் போடுங்கள். விதி அதேதான். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சேர்வது நூற்றில் சுமார் ஒரு தடவைதான்!

ஏன்? ஒற்றை மீனைக் காப்பியடிப்பதில் எந்தப் பக்கத்துக்கும் சாய்வு இல்லை. இடமிருந்து வலம் போவதும் வலமிருந்து இடம் வருவதும் சராசரியில் சமம். சுண்டுவதோ கூட்டத்தைப் பாதிக்குப் பாதியாக இழுக்கிறது. ஆக, ஒழுங்கு வருவது அதிர்ஷ்டத்தின் ஆட்டத்தால் மட்டுமே. சின்னக் கூட்டத்தில் அந்த ஆட்டம் பெரிது. நம் பகடை விதிக்கு எல்லைக்கோடு 11 மீன். அதைத் தாண்டினால் கலவைதான் வழக்கம்.

வெறும் மேசை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் (பழைய ஆட்களுக்கு டாட்டா இன்ஸ்டிட்யூட்) விஷ்வேஷ குத்தலின் குழு 15, 30, 60 எனக் கரிமீன்களை நீந்தவிட்டுப் பார்த்தது. ஆமாம், கேரளா மெஸ்ஸில் வாழையிலையில் வருமே, அதே கரிமீன். சின்னக் கூட்டமே அதிக ஒழுங்காக நீந்தியது. ஒற்றை மீனைக் காப்பியடிக்கும் விதியே தரவுக்குப் பொருந்தியது. 2020இல் 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில் வெளியானது.

படி 5: விதியை மாற்றுங்கள். மூன்று மீன்களைச் சீட்டில் எடுத்து, அவற்றின் பெரும்பான்மையைக் காப்பியடிக்கட்டும். இப்போது 24இல் சுமார் 21 ஒரே பக்கம் சேர்ந்து நிற்கும். அப்புறம் 1, 2, 3 மூன்றுக்குமே நாணயத்தைச் சுண்டுங்கள், கூட்டம் கலைந்துவிடும். 1995இல் ஹங்கேரி இயற்பியலாளர் தமாஷ் விச்செக்கும் குழுவினரும் கணினியில் காட்டியது இந்த வகை: அக்கம்பக்கத்தாரின் சராசரித் திசையில் போகும் கூட்டம், தற்செயல் கூடக்கூட ஒழுங்கை இழக்கும்.