ஆடையற்ற வாழ்வியலுக்கு இளையோரை அழைக்கும் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் எஃப்.கே.கே. என்று அழைக்கப்படும் ஆடையற்ற வாழ்வியலைப் பின்பற்றும் சங்கங்களுக்கு 1949-இல் டி.எஃப்.கே. என்ற கூட்டமைப்பு உருவானது. 2024-இல் அதன் 75-ஆம் ஆண்டு விழாவுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். போதிய பேர் பதிவு செய்யாததால் விழாவையே கைவிட நேர்ந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் 65,000 அளவில் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அந்த நேரத்தில் 34,000-க்கும் கீழே வந்திருந்தது. மூத்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற, அவர்கள் விட்ட இடத்தில் இருபது, முப்பது வயதுக்காரர்கள் வந்து அமரவில்லை என்பதே இதன் பொருள். பிற நாடுகளில் உள்ள பழைய சங்கங்கள் பலவற்றையும் இதே கவலைதான் வாட்டுகிறது. அந்தக் கவலையில் அவசரமாக எடுக்கப்படும் முயற்சிகள் பல, வர விரும்பும் இளையோரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகின்றன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்தத் தவறுகளை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இக்கட்டுரையில் இளையோர் என்று குறிப்பிடுவது 18 வயது நிரம்பியவர்களை மட்டுமே. அதற்குக் கீழுள்ள எவரையும் நோக்கி இத்தகைய அழைப்பு எந்த வடிவிலும் செல்லக்கூடாது.

முதல் தவறு நோயைத் தப்பாகக் கணிப்பது. இன்றைய இளையோர் கூச்சம் மிகுந்தவர்கள், கைப்பேசியில் மூழ்கி உடலையே மறந்தவர்கள் என்று சங்கக் கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நடப்பு அப்படி இல்லை. 2004-இல் தொடங்கிய உலக நிர்வாண மிதிவண்டிப் பேரணி இன்று பல நாட்டு நகரங்களில் நடக்கிறது, அதில் இளையவர்கள் திரளாகக் கலந்துகொள்கிறார்கள். பாரிசின் பலே த தோக்கியோ கலைக்கூடம் 2018 மே மாதத்தில் ஆடையின்றி வந்து பார்ப்பதற்கென ஒரு காலைப் பொழுதை ஒதுக்கியபோது, சுமார் 160 இடங்களும் விரைவில் தீர்ந்துபோயின. மார்செய் நகரின் மூசெம் அருங்காட்சியகம் 2024-இல் ஆடையற்ற வாழ்வியலின் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்து, அதற்கும் ஆடையின்றி வருவோருக்குத் தனி மாலைகளை ஒதுக்கியது. ஜெர்மனியில் இருபாலரும் சேர்ந்து ஆடையின்றி அமரும் சவுனா நீராவிக் குளியல் அன்றாட வழக்கம். மியூனிக் நகராட்சி 2014-இல் ஆறு இடங்களில் ஆடையற்ற வெயில் குளியலை முறைப்படி அனுமதித்தது. இவை எவற்றிலும் பங்கெடுக்க யாரும் எந்தச் சங்கத்திலும் சேர வேண்டியதில்லை. இளையோர் நிர்வாணத்தை மறுக்கவில்லை, சங்கம் என்ற அமைப்பின் வடிவத்தைத்தான் மறுக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ளாத வரை மற்ற எந்தத் திருத்தமும் பயன் தராது.

இந்த இயக்கத்தின் தொடக்க வரலாறும் இதையே காட்டுகிறது. 1898-இல் எஸ்ஸன் நகரில் முதல் சங்கம் தோன்றியபோது, இறுக்கமான உடைக்கும் புகை கக்கும் ஆலை நகருக்கும் எதிராக வெயிலையும் காற்றையும் கேட்ட வாழ்வியல் சீர்திருத்தத்தின் ஒரு கிளையாகவே அது வளர்ந்தது. 1920-களில் பெர்லினில் அடால்ஃப் கோக் நடத்திய உடற்பயிற்சிப் பள்ளிகளுக்குத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். நாஜி ஆட்சி 1933-இல் இந்த இயக்கத்தைத் தடை செய்தது. பின்னர் கிழக்கு ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையில் அரசு 1950-களில் கெடுபிடி காட்டியும் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தலைமுறை தன் காலத்தின் நெருக்கடிக்கு விடையாக இதை எடுத்துக்கொண்டது. இன்றைய தலைமுறையின் நெருக்கடி வேறு: திருத்தி மெருகேற்றப்பட்ட உடல்களின் படங்கள் நாள் முழுவதும் கண்முன் ஓடிக்கொண்டிருக்க, தன் உடலை அவற்றோடு ஒப்பிட்டுக் குறைகாணும் பழக்கம். அதைத் தொட்டுப் பேசாமல், வெயிலின் நன்மையைப் பற்றிய பழைய துண்டறிக்கையையே மறுபடி அச்சடிப்பதில் பயனில்லை.

அதே வேளையில், அந்த நெருக்கடிக்கு மருந்து கையில் இருப்பதாக மிகையாக விளம்பரம் செய்வதும் தவறுதான். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் கியோன் வெஸ்ட், ஆடையற்ற செயல்பாடுகளில் கூடுதலாகப் பங்கெடுப்பவர்களிடம் உடலைப் பற்றிய மனநிறைவும் வாழ்க்கையைப் பற்றிய மனநிறைவும் கூடுதலாக இருப்பதைத் தம் ஆய்வில் கண்டார். தம் உடல் எப்படியிருந்தாலும் ஏற்கப்படும் என்ற அனுபவமும், மற்றவர்களின் இயல்பான உடல்களைப் பார்க்கும் அனுபவமும் அதற்குக் காரணமாகலாம் என்பது அவருடைய விளக்கம். இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் உணவுக் கோளாறோ கடுமையான மனச்சோர்வோ உள்ள ஒருவரிடம் “ஒரு நாள் வந்து பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் தகுதியில்லை. அப்படிச் சொல்லி அழைத்து, முதல் நாளில் அவர் பதறிப்போய்த் திரும்பினால், கெடுதல் செய்தவர்கள் நாம்தான்.

மிக அதிகமாக நடக்கும் தவறு விளம்பரப் படங்களில் இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியிருக்க, முகப்புப் படத்தில் மட்டும் மெலிந்த தேகமுடைய இளம்பெண் ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்பார். இந்தப் படம் எந்த இளம்பெண்ணையும் அழைத்து வருவதில்லை. வேறு நோக்கம் கொண்ட ஆண்களைத்தான் அழைத்து வருகிறது. ஒப்பீட்டிலிருந்து விடுதலை தருவதாகச் சொல்லிவிட்டு, அதே ஒப்பீட்டை வாசலிலேயே மாட்டி வைப்பது தன் கொள்கைக்குத் தானே செய்யும் துரோகம். ஏரி, கரை, கூடாரம், கைப்பந்துத் திடல், கொடியில் காயும் துண்டுகள் என இடத்தைக் காட்டினாலே போதும். ஆள்களைக் காட்டத்தான் வேண்டுமென்றால், எழுத்தில் ஒப்புதல் தந்த, பல வயதும் பல உடல்வாகும் கொண்ட உறுப்பினர்களைக் காட்டலாம்.

படத்தோடு சேர்ந்து வருவது கைப்பேசிச் சிக்கல். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆடையின்றிக் குளித்தவர் அஞ்ச வேண்டியது தற்செயலாக எதிர்ப்படும் அண்டை வீட்டாரை மட்டுமே. இன்று ஒரே ஒரு படம் இணையத்தில் ஏறினால் வேலைக்கு எடுப்பவர் கண்ணில் பட்டுவிடலாம், ஏறியதை முழுதாக இறக்கவும் முடியாது. இளையோருக்கு இந்த அச்சம் மிக நியாயமானது, அதிலும் ஆசிரியர், செவிலியர், அரசு ஊழியர் போன்றோருக்கு அது பிழைப்பைப் பற்றிய அச்சம். இருந்தும் “இங்கே எல்லாரும் நாகரிகமானவர்கள்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு பல சங்கங்கள் நிறுத்திக்கொள்கின்றன. வாசலிலேயே கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைப்பது, அல்லது பெர்லின் இரவு விடுதிகளில் செய்வதுபோல் கேமராக் கண்ணை ஒட்டுத்தாளால் மறைப்பது, மீறினால் அன்றே வெளியேற்றம் என்று எழுதி வைத்து அப்படியே நடத்திக்காட்டுவது ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். விதி இருந்தும் மூத்த உறுப்பினர் ஒருவர் சுற்றுலா நினைவுக்காகப் படமெடுக்க, அதை யாரும் கண்டிக்காமல் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் புதியவருக்கு அந்த விதியின் மதிப்பு அப்போதே தெரிந்துவிடும்.

முதல் நாள் வரவேற்பில் நடக்கும் பிழைகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான இழப்பு அங்கேதான். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் ஏரிக்கரைச் சங்கம் ஒன்றுக்கு முதன்முறையாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவு பூட்டியிருக்கிறது, மணியடித்துக் காத்திருக்கிறார். உள்ளே ஒரே உயரத்துக்கு வெட்டிய வேலிச்செடிகளுக்குப் பின்னால் கேரவன்கள், ஒவ்வொன்றின் முன்னும் இருபது ஆண்டுகளாக அதே இடத்தில் அமர்ந்திருக்கும் தம்பதியர். புல்வெளியில் துண்டை விரித்து அவர் உட்கார்ந்த சற்று நேரத்துக்குள் ஒருவர் வந்து பெயர் கேட்கிறார், இன்னொருவர் வேலையைக் கேட்கிறார், மூன்றாமவர் “உங்களைப் போல் இளையவர்கள் வருவதைப் பார்க்க எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது” என்று பக்கத்திலேயே நின்றுகொள்கிறார். மூவரும் நல்லவர்களே. ஆனால் உடலை யாரும் கவனிக்காத ஓர் இடத்தைத் தேடி வந்தவர், அன்று அந்தத் திடலில் எல்லாரையும்விட அதிகமாகக் கவனிக்கப்படுபவர் ஆகிவிட்டார். துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். மாலைக்குள் கிளம்பிவிடுகிறார். அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று அந்த மூவருக்கும் கடைசிவரை விளங்குவதில்லை.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வழிகாட்டி. தம் வயதுக்கு அருகில் இருக்கும் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. உட்காரும் இடத்தில் எப்போதும் சொந்தத் துண்டை விரிக்க வேண்டும். குளிரடித்தால் எதை வேண்டுமானாலும் அணியலாம். மாதவிலக்கு நாள்களில் கீழாடையோடு நீந்தினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மனம் ஒப்பும்வரை உடையோடு சுற்றிப் பார்க்கலாம். தொந்தரவு நேர்ந்தால் இன்னாரிடம் சொல்லலாம். இந்த ஐந்தாறு செய்திகளைச் சொல்லிவிட்டு வழிகாட்டி தம் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். ஆடையைக் களையும்படி அவசரப்படுத்துவதைவிடப் பெரிய பிழை வேறில்லை. ஆடையின்றி இருப்பதற்குத் தருகிற அதே சுதந்திரத்தை, இன்னும் களையாமல் இருப்பதற்கும் முதல் வருகையிலாவது தந்தாக வேண்டும்.

தொந்தரவைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடுவது மற்றொரு தவறு. பாலியல் நோக்கமில்லாத சமூக வாழ்க்கை என்பதே இந்த இயக்கத்தின் அடிப்படை. 1974-இல் ஆடையற்ற வாழ்வியல் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு இயற்கையோடு இயைந்த வாழ்வு, தன்மதிப்பு, பிறர்மீது மதிப்பு, சூழல்மீது மதிப்பு ஆகியவற்றைச் சொல்லித் தன் வரையறையை அறிவித்தது பிரான்சின் கப் தாக்து என்ற ஊரில். பின்னாளில் அதே ஊரில் பாலியல் கேளிக்கைக்காக வருவோர் பெருகவே, வெளியுலகில் அதன் பெயர் அதற்காகவே அறியப்படலாயிற்று, குடும்பமாக வந்தவர்கள் ஒதுங்கிப்போனார்கள். எல்லையை ஒரு முறை தளர்த்திவிட்டால் மீண்டும் இறுக்குவது கடினம் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம். உற்றுப் பார்ப்பது, பின்தொடர்வது, கேட்காமல் தொடுவது, ஒருமுறை மறுத்தபின் மீண்டும் அழைப்பது ஆகியவை என்னவென்று பெயர் சொல்லியே எழுதி வைக்க வேண்டும். “அவர் பழைய ஆள், குணமே அப்படித்தான்” என்று ஓர் உறுப்பினரைக் காப்பாற்றினால், புகார் சொன்னவர் மட்டுமல்லாமல் அவருடைய தோழிகளும் போய்விடுவார்கள்.

இதற்கு அஞ்சியே சில சங்கங்கள் தனியாக வரும் ஆண்களை அடியோடு மறுத்து, இணையரை மட்டும் சேர்த்துக்கொள்கின்றன. ஆண் பெண் எண்ணிக்கை ஒருபக்கமாகச் சாய்ந்தால் பெண்களுக்குச் சங்கடம் என்ற காரணம் உண்மைதான். ஆனால் இளையோரில் பலர் தனியாகத்தான் வாழ்கிறார்கள், இணையரில் ஒருவருக்கு மட்டுமே இதில் ஆர்வம் இருப்பதும் சாதாரணம். வருகிறவரின் நடத்தையைப் பார்த்து முடிவெடுப்பதற்கு உழைப்பு வேண்டும், முன்கூட்டியே பேசிப் பார்த்தல், பரிந்துரை, சோதனைக்காலம் எனப் பல ஏற்பாடுகள் வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்கப் பாலினத்தை வைத்தே வாசலை மூடினால், ஒருபாலின இணையரும் திருநரும் தங்களுக்கு இங்கே இடமில்லை என்றே புரிந்துகொள்வார்கள்.

கட்டணமும் கடமையும் சிறிய செய்திபோல் தோன்றும். ஜெர்மன் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட மணி நேரம் புல்வெட்ட, வேலி சீர்செய்ய, கழிவறை கழுவ வர வேண்டும், வராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். இந்தக் கூட்டுழைப்பில்தான் நட்பு வளர்ந்தது என்று மூத்தவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆயினும் வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் ஒருவரிடம் ஆண்டுச் சந்தாவும் நிலையான மனைக் குத்தகையும் கேட்பது பொருந்தாது. ஒரு நாள் சீட்டு, கோடைக்கு மட்டும் சீட்டு, 30 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறைந்த கட்டணம், பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துவர ஒரு வண்டி ஆகியவை போதும். இடம் காட்டுக்குள் இருக்கிறது, கார் இல்லாமல் வர வழியில்லை என்பதே பல நகரத்து இளையோரின் முதல் தடை.

நிகழ்ச்சிகளில், பழையது எல்லாம் சலிப்பூட்டும் என்று கருதி ஒழிப்பதும் கூடாது. எஃப்.கே.கே. சங்கங்களில் நெடுநாளாக ஆடப்படும் ரிங்டென்னிஸ், நம் ஊர்ப் பள்ளிகளில் டென்னிகாய்ட் என்று நாம் ஆடும் அதே வளையப்பந்துதான்; சரியாகக் கற்றுக்கொடுத்தால் இருபது வயதுக்காரருக்கும் அது விறுவிறுப்பான ஆட்டம். புதுமை மட்டுமே கூட்டத்தைத் தக்கவைக்கும் என்பதும் மெய்யல்ல. பாரிசில் 2017 இறுதியில் ஆடையின்றி உணவருந்தும் உணவகம் ஒன்று பெரும் செய்தி ஆரவாரத்தோடு திறக்கப்பட்டது, 2019 தொடக்கத்தில் போதிய வாடிக்கையாளர் இல்லாமல் மூடப்பட்டது. ஒரு தடவை வியப்புக்காக வந்தவர் மறுபடி வருவதற்கு, அங்கே தெரிந்த முகங்கள் இருக்க வேண்டும்.

கடைசியாக, இளையோரை நிகழ்ச்சிக்கு அழைத்து, முடிவெடுக்கும் மேசைக்கு அழைக்காமல் விடுவது. இளையோர் அணி என்று பெயர் வைத்து, கொடி கட்டவும் சமூக ஊடகப் பக்கத்தை நடத்தவும் மட்டும் அவர்களைப் பயன்படுத்தும் சங்கத்தில் யாரும் நீண்ட நாள் தங்குவதில்லை. ஒரு வார இறுதியை முழுதாக அவர்கள் கையில் கொடுத்து, இசை எதுவரை ஒலிக்கலாம், செலவு எவ்வளவு, யாரை அழைக்கலாம் என்பதை அவர்களே தீர்மானிக்க விட வேண்டும். ஓய்வு நேரத்தில் சத்தம் வந்தது என்று மறுநாளே புகார்க் கடிதம் எழுதக்கூடாது. நிர்வாகக் குழுவில் முப்பத்தைந்துக்குக் கீழே இருவருக்காவது வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது புதிதாகச் சேர்ந்தோர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாமல், முதன்முறை வந்தவர்களில் இரண்டாம் முறையும் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் சொன்ன காரணம் என்ன என்று கேட்டு எழுதி, அந்தத் தாளை அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருளாக வைக்க வேண்டும்.