ஜெர்சி தீவின் உருளைக்கிழங்கு வயல் எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடு விடுகிறது? கணக்கிடும் முறை

பிரான்சின் நார்மண்டிக் கரைக்கு அருகே இருக்கிறது ஜெர்சி. பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த தன்னாட்சித் தீவு. பரப்பு சுமார் 120 சதுர கிலோமீட்டர். மின்சாரத்தில் பெரும்பகுதி பிரான்சிலிருந்து கடலடிக் கம்பி வழியாக வந்துவிடுகிறது. அதனால் தீவின் பசுங்குடில் வாயுக் கணக்கு என்றதும் கார்களும் வீட்டை வெப்பமூட்டும் எண்ணெயும்தான் முதலில் நினைவுக்கு வரும். புகைபோக்கி இல்லாத வயல் எளிதில் விடுபட்டுப்போகிறது. விடக்கூடாது என்பதால்தான் இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறேன்.

மண்ணில் நடப்பது இதுதான். உரமாகவும் எருவாகவும் இடும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக உருமாற்றுகின்றன. மழை பெய்து மண்துளைகளில் நீர் நிரம்பி, காற்று குறையும்போது அவை நைட்ரேட்டைச் சிதைக்கின்றன. அப்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 265 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இதை நேரடியாக அளக்க வேண்டுமானால் வயலில் மூடிய பெட்டிகளை வைத்து, ஆண்டு முழுவதும் வாயு மாதிரி எடுக்க வேண்டும். எல்லா வயலுக்கும் அது கட்டுப்படியாகாது. அதற்காகத்தான் ஐபிசிசி எனும் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஓர் எளிய முதல்நிலை முறை இருக்கிறது. பெருக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: நிலத்தின் அளவு

ஜெர்சி விவசாயி நிலத்தை வெர்ஜேயில் சொல்வார். ஒரு வெர்ஜே ஏறத்தாழ 0.18 ஹெக்டேர். பயிற்சிக்காக 10 வெர்ஜே நிலத்தை எடுத்துக்கொள்வோம்: 1.8 ஹெக்டேர். பயிர், அத்தீவின் பெயர்பெற்ற ஜெர்சி ராயல் உருளைக்கிழங்கு.

படி 2: எத்தனை கிலோ தழைச்சத்து?

மொத்தக் கணக்கின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது; இங்கே நேரம் செலவிடுங்கள். உர மூட்டையின் எடை வேறு, அதிலுள்ள தழைச்சத்தின் எடை வேறு. மூட்டையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் முதலாவதுதான் தழைச்சத்தின் சதவீதம். 15-15-15 என்று போட்ட 600 கிலோ பெரிய மூட்டைகள் மூன்றை இந்த நிலத்தில் இட்டதாக வைத்துக்கொண்டால், 1,800 × 0.15 = 270 கிலோ தழைச்சத்து.

அத்துடன் நின்றுவிடாதீர்கள். தொழுவத்திலிருந்து வரும் சாணக் கரைசல், கரையில் அள்ளி வயலில் பரப்பும் வ்ராக் என்ற கடற்பாசி, அறுவடைக்குப் பின் மடக்கி உழும் தழை, மூடுபயிர் எல்லாவற்றிலும் தழைச்சத்து உண்டு. அவற்றையும் கூட்ட வேண்டும். மேயும் ஜெர்சி மாடுகள் புல்வெளியிலேயே போடும் சாணத்துக்கும் சிறுநீருக்கும் மட்டும் வேறு காரணி (தழைச்சத்தில் எத்தனை பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகும் என்ற எண்) இருப்பதால் அதைத் தனியாக எழுதுங்கள். நம் பயிற்சியில் மூட்டை உரத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

தீவு என்பதில் ஒரு நன்மை உண்டு. மூட்டை உரம் அனைத்தும் கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். விவசாயிகளின் குறிப்பேடுகளைக் கூட்டி வரும் தொகையை, இறங்கிய உரத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரிய நாடுகளில் இவ்வளவு துல்லியமாகச் சரிபார்ப்பது கடினம்.

படி 3: வயலிலிருந்தே கிளம்புவது

இட்ட தழைச்சத்தில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்று 2006 வழிகாட்டி கொள்கிறது. 270 × 0.01 = 2.7 கிலோ. இது வாயுவில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டுமே. ஆக்சிஜனையும் சேர்க்க 44/28ஆல் பெருக்க வேண்டும்: 4.24 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் இந்தப் பெருக்கலைத்தான் அதிகம் மறக்கிறார்கள். மறந்தால் விடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

படி 4: வயலை விட்டு வெளியேறிக் கிளம்புவது

உரத்திலிருந்து 10 சதவீதம் அம்மோனியா போன்ற வாயுக்களாகப் பறந்து வேறிடத்தில் படிகிறது. அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகிறது. 270 × 0.10 × 0.01 × 44/28 = 0.42 கிலோ. இன்னொரு 30 சதவீதம் மழைநீரோடு நைட்ரேட்டாக இறங்குகிறது. அதற்குக் காரணி 0.0075. 270 × 0.30 × 0.0075 × 44/28 = 0.95 கிலோ. ஜெர்சியில் இந்த இரண்டாம் வழி வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. ஓடைகளிலும் கிணறுகளிலும் நைட்ரேட் மிகுந்திருப்பது அங்கே நெடுநாள் கவலை. வயலிலிருந்து நைட்ரேட் இறங்காமல் காத்தால் குடிநீருக்கும் நன்மை, காற்றுக்கும் நன்மை.

படி 5: கூட்டுதல்

மூன்றையும் கூட்டினால் சுமார் 5.6 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. 265ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,490 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. யூரியாவோ சுண்ணாம்போ இட்டிருந்தால் அவை நேரடியாக விடும் கரியமில வாயு தனிக் கணக்கு: யூரியா கிலோவுக்கு 0.73, சுண்ணாம்புக்கல் தூள் கிலோவுக்கு 0.44.

விடையை எவ்வளவு நம்பலாம்?

அந்த 1 சதவீதத்துக்கு வழிகாட்டியே தரும் வீச்சு 0.3 முதல் 3 சதவீதம் வரை. 2019 திருத்தத்தில், ஈரமான தட்பவெப்பத்தில் இடும் செயற்கை உரத்துக்கு 1.6 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் படி 3இன் 4.24 கிலோ, 6.79 ஆகிவிடும். மண் மாறவில்லை, காரணிதான் மாறியது. எனவே 2006 காரணியில் ஓர் ஆண்டையும் 2019 காரணியில் அடுத்த ஆண்டையும் போட்டு ஒப்பிடாதீர்கள்.

வீச்சு பெரியது என்பதற்காகக் கணக்கை ஒதுக்க வேண்டியதில்லை. விவசாயி மாற்றக்கூடியது தழைச்சத்தின் அளவு. அது கிலோ பிசகாமல் கையில் இருக்கிறது. உரத்தை வயல் முழுவதும் தூவாமல் கிழங்கு வரிசையை ஒட்டி இட்டு, 270 கிலோவை 200 ஆகக் குறைக்க முடிந்தால், இதே காரணிகளின்படி சுமார் 390 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான அளவு மிச்சம்.

கணக்குத் தாளின் மேல் மூலையில் எந்த ஆண்டு வழிகாட்டி, 265ஆ 273ஆ, எருவைச் சேர்த்தீர்களா இல்லையா என்று எழுதி வையுங்கள். 273 என்பது ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை தரும் எண்.