அறை வாடகைக்கு மேல் கேட்கும் காசு: கட்டியதைத் திரும்ப எடுப்பது எப்படி

திருகோணமலையிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய், நடுவில் நியூயோர்க்கிலோ லாஸ் வேகாஸிலோ இரண்டு இரவு தங்குகிறவர்கள் பில்லைப் பார்த்துத் திகைப்பது ‘டெஸ்டினேஷன் ஃபீ’ என்ற இடத்தில்தான். கடற்கரை ஊர்களிலும் லாஸ் வேகாஸிலும் இதையே ‘ரிசோர்ட் ஃபீ’ என்பார்கள். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டல் தானாக விதிக்கும் கட்டணம் இது. அரசாங்க வரி அல்ல. பெரும்பாலும் 25 முதல் 50 டொலர் வரை இருக்கும். ‘நாங்கள் ஜிம் பக்கமே போகமாட்டோம், கழித்துவிடுங்கள்’ என்று கேட்டால் கழிக்கமாட்டார்கள். அறை எடுக்கும்போதே இதையும் சேர்த்து விலை பார்ப்பதும், கட்டியபின் அதற்குரியதை விடாமல் வாங்குவதும்தான் நம் கையில் இருக்கின்றன.

விலை பார்ப்பது முன்பைவிட இப்போது சுலபம். 2025 மே 12 முதல் அமெரிக்க ஹோட்டல்கள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த தொகையையே முதலில் காட்டவேண்டும் என்பது அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. கட்டணத்தை விதி தடைசெய்யவில்லை, ஒளிப்பதைத்தான் தடுத்தது. எனவே திரையில் தெரியும் தொகையில் ஃபீ ஏற்கெனவே இருக்கும். அதை மறுபடி கூட்டிவிடாதீர்கள். அரசாங்க வரி மட்டும் பிறகு ஏறலாம். நியூயோர்க் நகரில் அது 14.75 வீதமும் இரவுக்கு 3.50 டொலரும். அந்த வீதம் ஃபீயின் மேலும் விழும்: 40 டொலர் ஃபீ கையை விட்டுப் போகும்போது 45.90 ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், மகன் இணையத்தில் முழுப்பணமும் கட்டிவிட்டார் என்று நம்பிப் போவது. பல முற்பதிவுத் தளங்களில் அறை வாடகையை மட்டும் முன்பே எடுப்பார்கள். ஃபீயை ஹோட்டலில் கேட்பார்கள். உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் ‘ஹோட்டலில் கட்டவேண்டியது’ என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். போனவுடன் கடனட்டையில் ஒரு வைப்புத் தொகையையும் பிடித்து வைப்பார்கள், அது செலவு அல்ல, சில நாளில் விடுபடும். இலங்கை வங்கி அட்டை கொடுத்தால் நாணயமாற்றுக் கட்டணம் தனி.

ஃபீ அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. நான்கு பேர் இரண்டு அறையில் தங்கினால் இரண்டு ஃபீ. நான்கு பேருக்கு இடமுள்ள ஓர் அறை எடுத்தால் ஒன்றோடு முடியும். ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து அறை எடுப்பவர்கள் கவனிக்க: முழுவதும் புள்ளியில் எடுத்த இரவுக்கு ஹில்டனும் ஹயட்டும் ஃபீ வாங்குவதில்லை, மரியட் வாங்கும்.

இனி, கட்டியதற்கு என்ன கிடைக்கும் என்பது. பட்டியல் நீளமாக இருக்கும்: வை-ஃபை, ஜிம், போத்தல் தண்ணீர், உள்ளூர்த் தொலைபேசி, சைக்கிள், அருங்காட்சியகச் சீட்டில் கழிவு, சாப்பாட்டுக் கிரெடிட் (ஹோட்டலில் இவ்வளவு தொகைக்குச் சாப்பிடலாம் என்ற சலுகை). முதல் நான்குக்கும் பெறுமதி பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஹோட்டல் குழுமங்களில் இலவசமாக உறுப்பினரானாலே வை-ஃபை கிடைக்கும். காசு உள்ள இடம் சாப்பாட்டுக் கிரெடிட்தான்.

அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிரெடிட் பெரும்பாலும் நாளுக்கு நாள் தீர்ந்துவிடும், மறுநாளுக்குச் சேராது. முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் உணவகம் பூட்டியிருக்கும், அன்றைய கிரெடிட் போச்சு. ஆகவே ரிசெப்ஷனில் சாவி வாங்கும்போதே கேளுங்கள்: கிரெடிட் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, புறப்படும் நாள் காலையில் செல்லுமா, எந்தக் கடையில் செல்லும், அறைக்கு வருவிக்கும் சாப்பாட்டுக்குச் செல்லுமா, டிப்ஸும் வரியும் அதற்குள் அடங்குமா. பல இடங்களில் டிப்ஸும் வரியும் அடங்காது. கிரெடிட்டுக்கு மேல் சில டொலர் கையிலிருந்து போகும். சாப்பிட்டபின் காசோ அட்டையோ கொடுத்துவிட்டால் கிரெடிட் தானாகக் கழியாது. பில்லை அறைக் கணக்கில் ஏற்றச் சொல்லவேண்டும்.

சைவக்காரர், வெள்ளிக்கிழமை விரதகாரர் மெனுவை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. பாரும் பர்கரும் தவிர வேறில்லாத இடங்களும் உண்டு. அப்படியானால் கீழே இருக்கும் சிறு கடையில் பழம், தயிர், கோப்பி வாங்கலாமா என்று கேளுங்கள். பல ஹோட்டல்களில் அங்கும் கிரெடிட் செல்லும். மறுநாள் காலைச் சாப்பாடு அப்படியே கழிந்துவிடும்.

நீச்சல் தடாகம் திருத்த வேலையில், ஜிம் பூட்டு என்றால் அன்றைக்கே முகாமையாளரிடம் தணிவாகச் சொல்லி ஃபீயைக் குறைக்கக் கேளுங்கள். பலவேளை ஒரு இரவுக்குரியதை எடுத்துவிடுவார்கள். புறப்படும் காலையில் டாக்சி வாசலில் நிற்கும்போது வாக்குவாதம் எடுபடாது. கணக்கை முந்தின இரவே அச்சடித்து வாங்கி, கிரெடிட் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக்கு முறைப்பாடு செய்து பயனில்லை, முன்பே அறிவித்த கட்டணம் என்று ஹோட்டல் காட்டிவிடும்.

கனடாவில் நயாகரா பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பில்லில் வரும் ‘டூரிசம் இம்ப்ரூவ்மென்ட் ஃபீ’ போன்றவை அரசாங்க வரி அல்ல. கேட்டால் எடுத்துவிடும் இடங்களும் உண்டு. உணவகங்களிலும் வரும். நகராட்சியின் தங்குமிட வரி வேறு, அது போகாது.

நம் ஊரில் டெஸ்டினேஷன் ஃபீ இல்லை. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி கடற்கரை ஹோட்டல்களில் அதன் இடத்தில் நிற்பது விலைக்குப் பின்னால் வரும் இரண்டு கூட்டல் குறிகள். ‘20,000++’ என்றால் 10 வீதம் சேவைக் கட்டணமும் வரிகளும் மேலே. 18 வீத பெறுமதி சேர் வரி சேர்ந்தால் 25,500க்கும் 26,700க்கும் இடையில் வந்து நிற்கும். வட்ஸ்அப்பில் விலை கேட்கும்போதே ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று எழுத்தில் வாங்குங்கள். சிறு விடுதி பெறுமதி சேர் வரி கேட்டால் பில்லில் வரிப் பதிவு இலக்கம் இருக்கவேண்டும். பதிவில்லாதவர் அந்த வரியை அறவிட முடியாது.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான சீசனில் ‘புறாத்தீவுப் படகு இலவசம்’ என்று சேர்த்து விற்பார்கள். படகு மட்டுமா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டும் சேர்ந்ததா, நீருக்குள் பார்க்கும் முகமூடியும் நீந்தப் போடும் துடுப்புக் காலணியும் தருவார்களா என்று பிரித்துக் கேளுங்கள். சீட்டு பெரும்பாலும் தனி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்த பிள்ளைகளுக்கு வெளிநாட்டவர் கட்டணம், அது உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோகட்டும். அறைக்கு உள்ளூர் விலை கேட்பதற்கும் அதுதான் வேண்டும்.