மலைநாட்டுக் குளிரில் சொக்லேட் புதினா குக்கீஸ்

கடல் மட்டத்தில் இருப்பவர்கள் எழுதிய குக்கீஸ் குறிப்பை அப்படியே எடுத்து நுவரெலியாவில் சுட்டால், பாதி நேரம் தட்டு முழுவதும் ஒரே அடையாகப் பரவிக் கிடக்கும். கை பிழைத்ததென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காரணம் உயரம். நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1200 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் அப்பச்சோடா விடும் வாயு வேகமாக விரிந்து, மா இறுகுவதற்கு முன்பே குக்கீஸை உப்ப வைத்து விழுத்திவிடும். ஈரமும் சீக்கிரம் ஆவியாகும். மிஞ்சும் சீனி பாகுபோல இளகி ஓடும். அதனால் மேலே போகப் போக சோடாவும் சீனியும் குறைய வேண்டும், மாவும் சூடும் கொஞ்சம் கூட வேண்டும்.

கீழே உள்ள அளவு ஹட்டன் முதல் நுவரெலியா வரை பொருந்தும். சுமார் 24 குக்கீஸ் வரும்.

கோதுமை மா 165 கிராம்
இனிப்பில்லாத கொக்கோ தூள் 35 கிராம்
பட்டர் 115 கிராம்
சிவப்புச் சீனி 80 கிராம், வெள்ளைச் சீனி 70 கிராம்
முட்டை 1
பால் 1 மேசைக்கரண்டி
அப்பச்சோடா கால் தேக்கரண்டி (தலை தட்டியது)
உப்பு கால் தேக்கரண்டி
பெப்பர்மின்ட் எசன்ஸ் அரைத் தேக்கரண்டி
கறுப்புச் சொக்லேட் 80 கிராம், பயறளவு துண்டுகளாக

கண்டி சுமார் 500 மீட்டர்தான். அங்கே மாவை 150 கிராமாகக் குறைத்து, வெள்ளைச் சீனியை 85 ஆக்கி, பாலை விட்டுவிடலாம்.

முடிந்தவரை தராசில் நிறுங்கள். கோப்பையில் அள்ளினால் மா அழுத்தி நிரம்பி 30 கிராம் வரை கூடிவிடும், குக்கீஸ் கல்லாகும். நம் கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சீனி பெரிய படிகமாக இருக்கும், பட்டரில் லேசில் கரையாது. மிக்சியில் 10 வினாடி ஓடவிட்டுப் பிறகு சேர்த்தால் போதும்.

கொக்கோவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சாதாரணக் கொக்கோவுக்குப் புளிப்புத் தன்மை உண்டு, அதுதான் அப்பச்சோடாவோடு சேர்ந்து வேலை செய்கிறது. காரப்பொருள் (அல்கலி, மிளகாய்க் காரமல்ல) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ கருமையாக இருக்கும், புளிப்பு இருக்காது. பெட்டியின் பின்புறம் E500 அல்லது E501 என்று (அந்தக் காரப்பொருளின் குறியெண்) அச்சிட்டிருந்தால் அது இந்த வகை. அப்போது சோடாவுக்குப் பதிலாக முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுங்கள். இல்லாவிட்டால் குக்கீஸ் எழும்பாது, நாக்கில் சவர்க்காரச் சுவையும் தங்கும்.

இனிப் புதினாவுக்கு வருவோம். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வீட்டுத் தோட்டத்தில் வளரும் புதினா (சந்தையில் மிஞ்சி என்று கேட்டாலும் தருவார்கள்) வாசனையானது, ஆனால் அதில் வாய்க்குக் குளிர்ச்சியைத் தரும் மென்தோல் (menthol) என்ற பொருள் குறைவு. இலையை அரைத்து மாவில் கலந்தால் இலையின் நீர் மாவை இளக்கிவிடும், சுட்டபின் நிறம் மங்கி, சட்னி வாசம் வரும். வாய்க்குள் சில்லென்று இருக்க வேண்டுமென்றால் பெப்பர்மின்ட் எசன்ஸ் தேவை. பச்சை வாசமும் வேண்டுமென்றால் இலையைப் பட்டரில் ஊற வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சுவை நிறைவாக இருக்கும் என்பது எங்கள் கருத்து.

அதற்கு 125 கிராம் பட்டரை மிகக் குறைந்த தீயில் உருக்கி இறக்குங்கள். கழுவித் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்திய இலை 15 கிராமைக் கிழித்துப் போட்டு, மூடி, 20 நிமிடம் வையுங்கள். துணியில் பிழிந்து எடுத்தால் இலையோடு போனது போக ஏறக்குறைய 115 கிராம் கிடைக்கும். குறைந்தால் சாதாரணப் பட்டரால் நிரப்புங்கள். ஆறும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும், இல்லாவிட்டால் நீரும் கொழுப்பும் பிரிந்து நிற்கும். கொழும்பில் இதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். நம் பக்கம் ஜன்னலோரமே போதும். இந்தப் பட்டரில் சுட்டால் குக்கீஸ் சற்று இறுக்கமாக வரும், அது இயல்பு. எசன்ஸைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள்.

எசன்ஸும் பெப்பர்மின்ட் எண்ணெயும் ஒன்றல்ல. எண்ணெய் பல மடங்கு கடுமையானது, 3 துளிக்கு மேல் வேண்டாம். உணவுக்கு ஏற்றது என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும், பூசுவதற்கென்று விற்பதைப் போடவே கூடாது. எதுவானாலும் அளவு மிஞ்சினால் பற்பசை தின்பதுபோல் ஆகிவிடும், அதன்பிறகு திருத்த வழியில்லை.

காலைக் குளிரில் பட்டர் கல்லாகக் கிடக்கும். அவசரத்தில் அடுப்பில் வைத்து உருக்கிவிடாதீர்கள். உருகிய பட்டரில் காற்று தங்காது, குக்கீஸ் எண்ணெய் கசிந்து தட்டையாகும். சிறு துண்டுகளாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளப்பு வரக் கூடாது. முட்டையையும் 5 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டு வையுங்கள். குளிர்ந்த முட்டை பட்டரைத் திரிதிரியாக்கும்.

பட்டரையும் இரண்டு சீனியையும் மரக்கரண்டியால் 4 நிமிடம், மின் அடிப்பானால் 2 நிமிடம் அடியுங்கள். நிறம் வெளுத்தால் சரி. முட்டை, பால், எசன்ஸ் சேருங்கள். மா, கொக்கோ, சோடா, உப்பைச் சேர்த்து இருமுறை சலித்துக் கொட்டுங்கள். கொக்கோ கட்டியாக இருப்பதால் ஒருமுறை போதாது. உலர்ந்த மா கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கிளறுவதை நிறுத்தி, சொக்லேட் துண்டுகளைப் போட்டு நாலு புரட்டு புரட்டினால் போதும். மேலும் பிசைந்தால் குக்கீஸ் ரொட்டிபோல இழுவையாகும்.

மாவை மூடி அரை மணி நேரம் வையுங்கள். மா ஈரத்தை உறிஞ்சி இறுகும், பரவுவது குறையும். பிறகு 25 கிராம் உருண்டைகளாக (நிறைத்த ஒரு மேசைக்கரண்டி) உருட்டி, ஒயில் பேப்பர் விரித்த தட்டில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள்.

ஓவனை 180 பாகை செல்சியஸில் 15 நிமிடமாவது முன்கூட்டியே சூடாக்குங்கள். மேசை ஓவன்களின் குமிழ் காட்டும் சூடு பலவேளை உண்மையாக இருக்காது, ஒரு ஓவன் வெப்பமானி வாங்கிவிடுவது நல்லது. நடுத்தட்டில் 10 முதல் 11 நிமிடம். அடி கருகுகிறதென்றால் இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கொக்கோ நிறத்தில் வெந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஓரம் இறுகி, நடு இன்னும் மென்மையாக, மேலே ஈரப் பளபளப்பு மறைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். நடுவும் இறுகும்வரை காத்திருந்தால் ஆறியபின் பல் படாது. தட்டிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகுதான் கம்பித் தட்டுக்கு மாற்ற வேண்டும். சூட்டோடு தூக்கினால் உடையும்.

முழுத் தட்டையும் சுடுவதற்கு முன் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் 1 மேசைக்கரண்டி கோதுமை மா சேருங்கள். உருண்டையாகவே நின்றால் 1 தேக்கரண்டி பால்.

ஓவன் இல்லாத வீட்டில் அடி கனத்த பெரிய சட்டி போதும். அடியில் 2 சென்டிமீட்டர் மணல் பரப்பி, அதன் மேல் ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி, நடுத் தீயில் 15 நிமிடம் சூடேற்றுங்கள். சிறு தட்டில் ஆறு குக்கீஸ் வைத்து இறக்கி, தீயைக் குறைத்து 13 முதல் 15 நிமிடம் சுடுங்கள். மூடியில் நீர் கோத்துச் சொட்டும், அதனால் மூடியை உள்பக்கமாகத் துணியால் கட்டி, துணி முனைகளை மேலே தூக்கி முடிந்துவிடுங்கள், தீயில் தொங்கக் கூடாது. விறகடுப்பில் சுட்டால் தணல்மேல் சட்டி இருக்கட்டும், சுவாலை வேண்டாம்.

மேலே சொக்லேட் பூச விரும்புகிறவர்கள் 100 கிராம் கறுப்புச் சொக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கலாம். அதில் எசன்ஸ் ஊற்றாதீர்கள். எசன்ஸில் உள்ள நீர் பட்டதும் சொக்லேட் மணல்போலத் திரிந்துவிடும். 1 தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 1 துளி பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்து சேருங்கள். சுட்ட சூட்டில் வாசம் கொஞ்சம் பறந்துவிடுவதால், புதினா தூக்கலாக வேண்டுமென்றால் மாவில் எசன்ஸைக் கூட்டுவதைவிட இந்தப் பூச்சில் கொண்டுவருவது மேல்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையும் பனிமூட்டமும் விடாது. அந்த நாட்களில் குக்கீஸைத் திறந்து வைத்தால் மாலைக்குள் நமுத்துவிடும். முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டின்னில் அடுக்குங்கள். வெதுவெதுப்போடு மூடினால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும். ஒரு வாரம் இருக்கும். வேறு பிஸ்கட்டோடு ஒரே டின்னில் போடாதீர்கள், எல்லாவற்றிலும் புதினா ஏறிவிடும். நமுத்ததை 150 பாகையில் 4 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும்.